சுவரில் ஒட்டிய கடிதம்

ராஜஸ்தான்
2-4-2025

வள்ளியக்காவுக்கு,

இசக்கிமணி எழுதுகிறேன். போன் அடித்தால் எடுக்க மாட்டாய். தப்பித்தவறி எடுத்தாலும் ஒரு வார்த்தை பேசாமல் அத்தான் கையில் கொடுத்துவிடுவாய். ரெண்டு வருஷமாக அப்படித்தானே நடக்கிறது. அதனால்தான் தாளை எடுத்தேன். கடிதத்தைப் பிரிக்காமல் அடுப்பில் போடுகிற அளவுக்குக் கோபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

அபர்ணாவைப் பிரசவத்துக்கு செங்கோட்டையில் அவள் அம்மா வீட்டில் விட்டாயிற்று. தென்காசி வாடகை வீட்டையும் காலி செய்தாயிற்று. என் நாய் பிச்சியை எங்கே விடுவது என்று அத்தானிடம் புலம்பினேன். "எங்க வீட்டுக்கே வரட்டும்லே, வள்ளி சரின்னுட்டா" என்றார். நீ சரி என்று சொன்னதை நம்பவே எனக்கு ரெண்டு நாள் ஆனது.

பத்து வருஷமாகப் பட்டாளத்தில் நாய்களோடுதான் குடித்தனம். இங்கே மணல் கொதிக்கிறது. இந்தக் கொதியிலும் ஒரு நாயைக்கூட விடாமல் காப்பாற்றுகிறோம். அதனால் கேள். கத்திரி வெயில் வரப்போகிறது. காலை ஆறு மணிக்குள் நடத்திக் கூட்டி வந்துவிடு. அப்புறம் சாயங்காலம் தரை ஆறின பிறகுதான். தார் ரோட்டில் உன் புறங்கையை வைத்துப் பார். ஏழு எண்ணும் வரை வைக்க முடியாவிட்டால் அதன் பாதத்துக்கும் முடியாது. தகரக் கொட்டகைக்குள் விடாதே, நிழலாகத்தான் இருக்கும், ஆனால் அது அடுப்பு. தண்ணீரை மண்சட்டியில் ரெண்டு இடத்தில் வை, ஒன்று கவிழ்ந்தால் ஒன்று இருக்கும். மூச்சு இளைப்பு அதிகமானால் ஈரச் சாக்கை மேலே போட்டு மூடிவிடாதே. நம் ஊரில் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். சாக்கு சூடாகி உள்ளேயே புழுங்கும். வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதத்திலும் தண்ணீரை ஊற்றி, காற்றுப் படுகிற இடத்தில் போடு. ஐஸ் தண்ணீர் வேண்டாம். கட்டவே கட்டாதே.

சாப்பாட்டுக்குத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம். வெயில் காலத்தில் வீட்டில் நாம் சாப்பிடுகிற மாதிரியே குளிர்ச்சியாகக் கொடு. பழையதும் மோரும் போதும்.

பிச்சி செவலையின் குட்டி என்பதை மறந்துவிடாதே. இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது.

இசக்கிமணி


அச்சன்புதூர்
14-4-2025

தம்பி இசக்கிமணிக்கு,

விஷு கனி கண்ட கையோடு எழுதுகிறேன். நல்ல நாளும் அதுவுமாக உன்னைத் திட்டக்கூடாது என்று ரெண்டு காப்பி குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் கட்டளை எல்லாம் வந்து சேர்ந்தது. அடுப்படிச் சுவரில் சோற்றைத் தடவி ஒட்டிவிட்டேன். பால் பொங்குகிறதா என்று பார்க்கும்போதெல்லாம் உன் கையெழுத்து முறைக்கிறது. நல்லா இருக்கிறது, அக்காவுக்கு நாய் வளர்க்கச் சொல்லிக் கொடுக்கிற தம்பி. நீ டவுசர் போடத் தெரியாமல் திரிந்தபோது இந்த வீட்டில் நாலு நாய் நின்றது, நான்தான் சோறு வைத்தேன்.

செவலையைப் பற்றி எழுதினாய். சரி, நானும் எழுதுகிறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இதே சித்திரையில், காலை எட்டு மணிக்கு வேம்பின் நிழலில் அதைக் கட்டிப் போட்டுவிட்டு நடுகைக்குப் போனேன். பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தால் நிழல் சுவருக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. செவலை சங்கிலியை இழுத்து இழுத்துக் கழுத்தை அறுத்துக்கொண்டு வெயிலில் கிடந்தது. லீவில் வந்திருந்த நீ ஓடி வந்து பார்த்தாய். தெருவே தண்ணி பிடித்துக்கொண்டிருந்தது. பேராச்சி மதினி குடத்தோடு நிற்கிறாள். எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து "கொலைகாரி" என்றாய். மூணு மாசக் குட்டி பிச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாய். நான் அழக்கூட இல்லை, அப்படியே நின்றேன். அன்றிலிருந்து தெருக் குழாய்க்கு நான் போவதில்லை, உன் அத்தான்தான் போகிறார்.

அதனால்தான் பிச்சி வரட்டும் என்றேன். உனக்காக இல்லை.

நிழல் நகரும் என்பதை இனி யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். முற்றத்தில் குச்சி நட்டு வைத்திருக்கிறேன். ஒன்பது மணிக்கு வேம்படி, பதினொன்றுக்குக் கிணற்றடி, ரெண்டு மணிக்கு வைக்கோல் படப்புக்குப் பின்னால். கயிற்றுக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு நான் முன்னால் போக, அது வாலை ஆட்டிக்கொண்டு பின்னால் வருகிறது. சங்கிலி கிடையாது. உன் அத்தான் ஐந்தருவியில் பழக்கடை போடத் தட்டி முடைந்துகொண்டிருந்தவர், "கட்டிலுக்குக் காலு முளைச்சிட்டோ" என்று கேலி பேசுகிறார்.

சாப்பாடும் நீ சொன்னபடியே. காலையில் நமக்குக் கரைக்கும்போதே அதற்கும் பழையது, மோர். சின்ன வெங்காயத்தை முழுசாகப் போட்டால் ஒதுக்கிவிடுகிறது. பொல்லாத கழுதை. ஒரு கை வெங்காயத்தை நசுக்கிப் பிசைந்து வைக்கிறேன், சட்டியை நக்கிவிடுகிறது. உடம்புச் சூடு தணிய அதைவிட வேறு என்ன இருக்கிறது?

வள்ளித்தாய்


ராஜஸ்தான்
22-4-2025

அக்காவுக்கு,

குச்சி நட்டதை எங்கள் சுபேதாரிடம் சொன்னேன். தமிழ் தெரியாத மனுஷன், படம் போட்டுக் காட்டினேன். இங்கேயும் அப்படியே செய்யச் சொல்லிவிட்டார். மூன்று குச்சி நட்டிருக்கிறோம். நம் முற்றம் ராஜஸ்தான் வரைக்கும் வந்துவிட்டது.

தெருவில் பேசியதைப் பற்றி எழுதியிருந்தாய். அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

பழையது, மோர், நசுக்கின வெங்காயம் என்று படித்ததும் நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. மெஸ்ஸில் ரொட்டியைக் கடித்துக்கொண்டு அந்த வரியையே மூன்று தடவை படித்தேன். பிச்சி கொடுத்துவைத்தவள். எனக்கும் ஒரு சட்டி வை, லீவில் வந்து குடிக்கிறேன்.

அதன் நாக்கு நிறத்தைத் தினமும் பார்.

இசக்கிமணி


ராஜஸ்தான்
6-5-2025

அக்கா,

அத்தான் முந்தாநாள் போனில் சொன்னார். பிச்சி எழுந்து நிற்கவில்லை, மூச்சு இளைக்கிறது, சாப்பிடவில்லை என்றார். "வெயில்தாம்லே, என்ன செய்ய" என்றார். என்ன செய்ய என்பதைத்தானே ஒரு மாசத்துக்கு முன்னால் ஒரு பக்கம் எழுதினேன்? சுவரில் ஒட்டினால் போதுமா? குச்சி நட்டேன், கட்டில் தூக்கினேன் என்று கதை கதையாக எழுதினாய், நானும் நம்பி ஊரெல்லாம் பெருமை பேசினேன்.

அன்றைக்குத் தெருவில் சொன்னது அதிகம் என்று ராத்திரி எல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போது யோசிக்கவில்லை. செவலை ஒன்று, அதன் குட்டி ஒன்று.

திருவேங்கடத்தில் நாய் வளர்க்கிற சிவசைலத்திடம் சொல்லிவிட்டேன். செவலையை எனக்குக் கொடுத்தவனே அவன்தான். பத்தாம் தேதி வண்டியோடு வருவான். பிச்சி உயிரோடு இருந்தால் அவனிடம் கொடுத்துவிடு. இனி உன் வீட்டில் என் நாய் நிற்க வேண்டாம்.

இசக்கிமணி


அச்சன்புதூர்
13-5-2025

இசக்கிமணிக்கு,

உன் அத்தான் உனக்குச் சொன்னது பாதிதான். மீதியை நான் எழுதுகிறேன். முழுசாகப் படி.

நாலாம் தேதி காலையில் கட்டிலைத் தூக்கினேன், பிச்சி பின்னால் வரவில்லை. கூப்பிட்டேன், தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது. நீ எழுதினபடி வயிற்றிலும் பாதத்திலும் தண்ணீர் ஊற்றினேன், மின்விசிறியை முற்றத்துக்கு இழுத்து வந்து போட்டேன். ஒரு நாள் முழுக்கச் செய்தும் இளைப்பு நிற்கவில்லை. ஐந்தாம் தேதி ராவிருட்டோடு எழுந்து பார்த்தால் மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போயிருந்தது. வாயைத் திறந்தேன். ஈறு வெளுத்துக் கிடந்தது. பட்ட காலிலேயே படும் என்பார்கள், நான் நினைத்ததும் அதைத்தான். மறுபடியும் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு தென்காசிக்குப் போனேன். ஷிஃபா என்று ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு. நான் உட்கார்வதற்குள் ஒப்பித்துவிட்டேன், நிழல், தண்ணீர், தார் ரோடு, எல்லாம். போகும்போது சுவரிலிருந்து உன் கடிதத்தைப் பிய்த்துக் கையோடு எடுத்துப் போயிருந்தேன், சாட்சிக்கு. அவள் காய்ச்சல் பார்த்தாள். "சூடு ஏறலையேம்மா. இது வெயில் இல்ல" என்றாள். அப்புறம் கேட்டாள், "சாப்பாடு என்ன குடுக்கீங்க?"

சொன்னேன். பழையது, மோர் என்றபோது தலையை ஆட்டினாள். சின்ன வெங்காயம் என்றதும் பேனாவைக் கீழே வைத்தாள். "எவ்வளவு? எத்தன நாளா?" ஒரு கை, தினமும், ஒரு மாசமாக என்றேன். வெங்காயம் நாய்க்கு ஆகாதாம் தம்பி. பச்சையாகவும் ஆகாது, வேகவைத்தாலும் ஆகாது. மனுஷருக்குக் குளிர்ச்சி, நாய்க்கு ரத்தத்தையே உடைக்கும் விஷம். ஒரு நாள் தின்றால் தெரியாது, தினமும் தின்றால் இப்படி வந்து நிற்கும். ரத்தம் குறைந்துபோய்த்தான் மூச்சு இளைத்திருக்கிறது. கடைசி வாரம் லேசாக இளைத்தபோதே நான் அதை வெயில் என்று நினைத்து, சூடு தணியட்டும் என்று ரெண்டு கை போட்டேன்.

உன் கடிதத்தை அவள் ஒரு வரி விடாமல் படித்தாள். "எல்லாம் சரியா எழுதியிருக்காங்க. ஒண்ணுதான் எழுதல" என்றாள்.

அந்தக் கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். சோற்றுக் கறை இருக்கும். "நாம் சாப்பிடுகிற மாதிரியே" என்ற இடத்தில் கோடு போட்டிருக்கிறேன். இந்த ஊரில் எந்த வீட்டிலாவது வெங்காயம் இல்லாமல் பழையது குடிக்கிறார்களா, நீயே சொல். ஆனாலும் பிசைந்து வைத்த கை என் கைதான். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை.

மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிழைத்துக்கொள்ளும் என்று இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை. வீட்டில்தான் கிடக்கிறது.

சிவசைலம் பத்தாம் தேதி வந்தான். பிச்சியைப் பார்த்தான், குச்சிகளைப் பார்த்தான், கட்டில் கால் போட்ட தடத்தைப் பார்த்தான். நான் உள்ளே போய்க் காப்பி போட்டேன். "இத இந்த நெலமையில எங்கன தூக்கிட்டுப் போக? இங்கனயே கெடக்கட்டும் அக்கா" என்று சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டான்.

வள்ளித்தாய்


ராஜஸ்தான்
21-5-2025

அக்கா,

உன் கடிதம் வந்து ரெண்டு நாள் ஆகிறது. நேற்று முழுக்க எழுதிக் கிழித்தேன்.

பயிற்சியில் சேர்ந்த முதல் வாரம், நாய்க்குக் கொடுக்கக் கூடாதவை என்று ஒரு பட்டியலை எங்களை எழுத வைத்தார்கள். அந்த நோட்டு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். இரண்டாவது வரியே வெங்காயம். என் கையெழுத்துதான். பத்து வருஷமாக இங்கே ஒரு நாய்க்கும் ஒரு துண்டு வெங்காயம் போக விட்டதில்லை. உன் கடிதத்தில் நீ நசுக்கிப் போடுகிறேன் என்று எழுதியதை மூன்று தடவை படித்தேன். எனக்கு எச்சில்தான் ஊறியது. புத்தி ஊறவில்லை. அன்றைக்கே ஒரு போன் அடித்திருந்தால் ரெண்டு வாரத்து விஷம் மிச்சமாகியிருக்கும். பட்டாளத்து நாய் என்றால் நோட்டு ஞாபகம் வருகிறது, பிச்சி என்றால் நம் வீட்டுச் சட்டிதான் ஞாபகம் வருகிறது. நீ செய்த தப்பை நான் அறியாமை என்று சொல்லலாம். என் தப்பை என்னவென்று சொல்ல?

இன்னொன்றும் இருக்கிறது. இதை ரெண்டு வருஷமாக எழுத நினைத்து எழுதாமல் விட்டேன். செவலையின் கழுத்தில் கிடந்த சங்கிலி நான் வாங்கி வந்தது. அதற்கு முன்னால் அந்த நாயை நம் வீட்டில் யாரும் கட்டினதே இல்லை. ஆட்டுக்குப் பின்னால் ஓடுகிறது என்று பக்கத்து வயல்காட்டுக்காரர் சண்டைக்கு வந்தார், நான் லீவில் வந்த மறுநாள் சங்கிலி வாங்கி வந்து, "இனிமே கட்டித்தான் போடணும்" என்று உன்னிடம் கொடுத்தேன். நாய்க்கு நிழல் தேடிப் போகத் தெரியும். சங்கிலி போட்டவன் நான். அது உனக்கும் தெரியும். அன்றைக்குத் தெருவில் நீ ஒரு வார்த்தை அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ சொல்லிவிடுவாயோ என்ற பயத்தில்தான் நான் முந்திக் கத்தினேன் என்று இப்போது தோன்றுகிறது.

என்னை மன்னித்துவிடு அக்கா. பிச்சி பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் அது உன் வீட்டு நாய். பிழைத்தால் உன்னிடமே இருக்கட்டும்.

இசக்கிமணி


அச்சன்புதூர்
29-5-2025

தம்பிக்கு,

முதலில் நல்ல சேதி. பிச்சி முந்தாநாள் தானாக எழுந்து கிணற்றடி வரைக்கும் போனது. ஈறில் ரோஜா நிறம் திரும்புகிறது. ஷிஃபா டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "தேறிட்டும்மா, இனி பயமில்ல" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். வெளியே நின்ற ஆட்டோக்காரர் செத்துப்போச்சாக்கும் என்று நினைத்து எனக்கு ஆறுதல் சொன்னார்.

சங்கிலி நீ வாங்கியது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் செவலை வந்துவிடுமா? நீயும் சின்னப்பிள்ளை மாதிரி அழுதுகொண்டு நின்றாய்.

மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். படித்தேன், ரெண்டு தடவை படித்தேன். மடித்து டிரங்குப் பெட்டிக்குள் பட்டுச் சேலைக்கு அடியில் வைத்துவிட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள். எழுத்தில் கேட்டது பெட்டிக்குள் கிடக்கும். நீ தெருவில் சொன்னது தெருவிலேயே கிடக்கிறது. அதை நான் பெருக்கித் தள்ள முடியாது. போட்டவன் வந்துதான் எடுக்க வேண்டும்.

தண்ணி பிடிக்கிற நேரம் இப்போதும் அதே பன்னிரண்டு மணிதான்.

வள்ளித்தாய்


ராஜஸ்தான்
7-6-2025

அக்கா,

அபர்ணாவுக்குப் பெண் பிறந்திருக்கிறது. லீவு கிடைத்துவிட்டது. பிள்ளையைப் பார்க்கச் செங்கோட்டைக்குத்தான் முதலில் போக வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். பதினாறாம் தேதி காலையில் தென்காசி ஸ்டேஷனில் இறங்குகிறேன். நேரே உன் தெருவுக்கு வருகிறேன். பன்னிரண்டு மணிக்கு.

அன்றைக்கு நீயும் குடத்தோடு குழாயடிக்கு வா.

இசக்கிமணி


அச்சன்புதூர்
25-6-2025

தம்பிக்கு,

நீ செங்கோட்டைக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. பிள்ளைக்கு என்ன பேர் வைப்பது என்று அபர்ணாவிடம் சண்டை போடுவதாக உன் அத்தான் சொன்னார். அவளுக்கு விட்டுக்கொடு. உனக்குச் சண்டை போட நான் இருக்கிறேன்.

ஐந்தருவியில் சாரல் தொடங்கிவிட்டது. அத்தான் மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூடை கூடையாக இறக்கியிருக்கிறார். நேற்று பிச்சியையும் கூட்டிப் போனோம். மேலே தண்ணீர் பட்டதும் உதறிவிட்டு, பழக்கடைத் தட்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. வெயில் இல்லை, ஆனாலும் பழக்கம், நிழலைத்தான் தேடுகிறது. அடுப்படிச் சுவரில் இப்போது உன் கடிதம் இல்லை. டாக்டரம்மா எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கிறேன். ரெண்டே வரி. வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது.

அன்றைக்கு நீ பேசியதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை.

ரெண்டு வருஷம் கழித்துக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்கு வந்தேன். நீ பையைக்கூட இறக்காமல் குழாயடியில் நின்று, தேவைக்கு மேலே சத்தமாகச் சொன்னாய். "அன்னைக்கு எங்க அக்காவ நான் கொலைகாரின்னு சொன்னேன். சங்கிலி வாங்கிப் போட்டது நாந்தான். தப்பு எம்மேல. எங்க அக்கா ஒரு தப்பும் பண்ணல." அத்தனை பெண்களும் உன்னையே பார்த்தார்கள். தண்ணீர் பேராச்சி மதினி குடத்தில் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அவள்தான் முதலில் பேசினாள்.

"என்னலே இப்படிக் கத்துத? எப்பச் சொன்ன? எந்த நாய்? எங்களுக்கு ஒண்ணும் ஞாவகமில்லயே."

மற்றவர்களும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். யாருக்குமே ஞாபகம் இல்லை. நீ திகைத்துப்போய் என்னைப் பார்த்தாய். உனக்கு அவமானமாகப் போய்விட்டது என்று அன்றைக்கு முழுக்க முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தாய். அப்படி நினைக்காதே.

அவர்கள் என்றைக்கோ மறந்துவிட்டார்கள். நான் ஒருத்திதான் ரெண்டு வருஷமாக அந்த வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். நீ வந்து சொன்ன பிறகு வீட்டுக்குத் திரும்பினேன், நிறைகுடத்தோடு, பிச்சி எனக்கு முன்னால் போனது.

இனிமேல் தபால் வேண்டாம். போன் அடி, எடுக்கிறேன்.

வள்ளியக்கா